இடது தோளில் இருந்தவள்

அந்த விபத்தில் எனக்கு உடைந்தது வலது கால். இடது தோளில் ஒரு கீறல்கூடக் கிடையாது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் கால் கூடி, கட்டுப் பிரித்து, கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகும் என்னை விடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தத் தோள்தான்.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மானாம்பதிக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிறது. அம்மாவும் நைனாவும் மற்றவர்கள் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது நான்தான். கம்பெனி பஸ் பெருநகரில் கிளம்பி, மானாம்பதி வழியாக வந்து, விடியும் முன்பே எங்கள் ஊர் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். பெருநகரில் ஏறும் ஒருத்தி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அவள் ஜன்னல் ஓரம், நான் அவளுக்குப் பக்கத்தில். உத்திரமேரூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். ஜன்னல் கம்பி குளிர்கிறது என்று என் இடது தோளில்தான் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கம்பெனி கேட் வந்ததும் நான் அவள் கன்னத்தில் தட்டி, "எய்ந்திருடி, வந்துடுச்சி" என்பேன்.

அது மார்கழி. திருமுக்கூடல் பாலத்துக்கு இந்தப் பக்கம் பனி எதிரில் நிற்பதை மறைத்துக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஒரு லாரி பழுதாகி, விளக்குப் போடாமல் நின்றிருக்கிறது. எங்கள் பஸ்ஸின் இடது பக்கம் அதன்மேல் போய் ஏறியது. முன்சீட்டு மடங்கி என் கால்களைப் பிடித்துக்கொண்டது. ஆட்கள் வந்து கம்பியை வெட்டி என்னை எடுக்கும்வரை அவள் தலை என் தோளில்தான் இருந்தது.

மருத்துவமனையில் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அந்த பாரம். வலி இல்லை, பாரம்தான். தூங்குகிற ஒருவரின் தலை எவ்வளவு கனமோ அவ்வளவு கனம். கொஞ்சம் சூடு. தேங்காய் எண்ணெயும் கனகாம்பரமும் கலந்த ஒரு வாசனை. நான் திரும்பிப் பார்த்தேன். தலையணைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அது ஒரு நேரத்துக்குப் பழகிக்கொண்டது. விடியற்காலையில் வேறு கம்பெனிகளின் பஸ்கள் ரோட்டில் போகும். முதல் ஹாரன் கேட்டதும் அவள் வந்து சாய்ந்துகொள்வாள். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கழுத்தை வலது பக்கம் ஒதுக்கி, மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு அப்படியே இருப்பேன். நான் அசைந்தால் அவள் விழுந்துவிடுவாள் என்று உடம்புக்குத் தோன்றும். வெயில் ஏறி, வாசலில் கோழிகள் மேய ஆரம்பித்த பிறகு பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அம்மா டீ டம்ளரோடு எதிரில் வந்து நிற்பாள்.

"இன்னாமா பண்ணிக்கினு கீற? கயுத்து சுளுக்கிக்கிச்சா?"

"சும்மாதாம்மா."

சில நாள் என் வாய் தானாகவே முணுமுணுக்குமாம். "எய்ந்திருடி, வந்துடுச்சி." அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அம்மா பயந்துபோனாள்.

கம்பெனியில் இருந்து ஒருவரை அனுப்பினார்கள். பிழைத்தவர்கள் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் பேசினார். ஆழமாக மூச்சு விடுங்கள், நல்லதையே நினையுங்கள், நடந்ததை மறந்துவிட்டு முன்னேறுங்கள் என்றார். பின் வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அவளை வெளியே அழைத்துப் போய் தண்ணீர் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டோடு அது முடிந்தது.

அடுத்தது பூசாரி. செய்யாற்றங்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் அவர் குறி சொல்வார். அம்மா என்னை இட்டுக்கொண்டு போனாள். என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை அடித்து, "யாரு நீ? இன்னா வோணும் உனுக்கு?" என்று என் தோளைப் பார்த்துக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்துப் பேசியது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதுவரை அது எனக்கு மட்டும் தெரிந்த பாரமாக இருந்தது. அவர் பேசியதும் அதற்கு முகம் வந்துவிட்டது.

"கூட வேலை செஞ்ச பொண்ணு. ஆசை தீராம போயிட்டா. தொணைக்கு இவளைப் புட்ச்சிக்கினு கீறா" என்றார்.

கோழி அறுத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு வாரம்போல எதுவும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் ஹாரன் கேட்டது. தோள் மெதுவாக அழுந்தியது.

பூசாரி சொன்னது ஊர் ஊராகப் போய், பெருநகருக்கும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்துவக் குடும்பம். புருஷன் இல்லை. மூத்த மகன் திருப்பூரில். இவரும் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக வந்திருந்தார். கையில் ஒரு தூக்கு. அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால் அன்றைக்குத்தான் அவரைப் பார்க்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மா கீறா? இந்தத் தோள்லியா?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அத்தை என் தோளில் கையை வைத்தார். உள்ளங்கை காய்த்துப்போய் கரடுமுரடாக இருந்தது. என்னிடம் பேசாமல், தோளிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏய், உங்கண்ணன் கொயந்திக்குப் பல்லு மொளைச்சிருக்குடி. உன்னை மாரியேதான் கடிக்குது. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சி. ஒண்ணு தங்கல. நீ வாங்கியாந்த மிக்சி ஓடிக்கினுதாம் கீது."

தூக்கில் கருவாட்டுக் குழம்பும் சோறும் இருந்தது. அதை என்னைச் சாப்பிடச் சொன்னார். "அவளுக்குப் புடிக்கும்" என்றார். எனக்குக் கருவாடு ஆகாது. ஆனாலும் சாப்பிட்டேன். நான் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கு காலியானதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். சர்ச்சில் ஃபாதர் கூப்பிட்டு, இதெல்லாம் தப்பு, செத்தவர்கள் ஆண்டவரிடம் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னாராம். அத்தை அதையும் தோளிடம்தான் சொன்னார். "நீ அங்க கீறியாம். நான் இன்னாத்துக்கு இங்க வரேன்னு கேக்கறாரு." அடுத்த குளிர்காலம் வந்தபோது அவளுடைய நீல நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். உத்திரமேரூர் சந்தையில் நானும் அவளுமாக வாங்கியது. "காலையில பனி அடிக்குது. அவளுக்குக் குளுரும்" என்று சொல்லி என் தலைவழியாக மாட்டிவிட்டார். மனிதர் போட்டுக் கழற்றிய துணியின் வாசனை அதில் அப்படியே இருந்தது. கதவு நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே அவள்தான்.

அன்றைக்கு மத்தியானம் பாரம் போகவேயில்லை. அதுவரை காலையோடு விட்டுப்போனது, இப்போது வெயிலிலும் கூடவே இருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கினால் இருந்தது. துணி துவைத்தால் இருந்தது. சோறு இறங்கவில்லை. தாவணி நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டேன். யாராவது இடது பக்கம் வந்தால் நகர்ந்துகொள்வேன், அங்கே ஏற்கெனவே ஆள் இருப்பதால்.

அம்மாவுக்கு அத்தையை வரவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்ணைப் பறிகொடுத்தவரிடம் என்னவென்று சொல்வது. அதற்குப் பதிலாக என்னை உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே குறிப்பிட்ட கிழமையில் மனநல டாக்டர் ஒருவர் வருவார். வரிசை நீளம். ஆனாலும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. தோளைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. மாத்திரை கொடுத்தார். காசு கிடையாது. மாத்திரையில் தூக்கம் வந்தது, பசி வந்தது. பாரம் மட்டும் வந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்மா. இந்த மாதிரி அதிர்ச்சிக்குன்னே தனியா படிச்சு, பயிற்சி எடுத்து கவுன்சிலிங் பண்றவங்க இருக்காங்க. சும்மா ஆறுதல் சொல்றது இல்லை, அது வேற முறை. இங்க அந்த ஆள் இப்ப இல்லை. காஞ்சிபுரத்துல ஒரு மேடம் இருக்காங்க. ஆனா பிரைவேட். ஃபீஸ் வாங்குவாங்க."

எவ்வளவு என்று அம்மா கேட்டாள். அவர் சொன்னார். ஒரு தடவைக்கு, அம்மாவும் நைனாவும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க வெயிலில் குனிந்தாலும் வராத தொகை.

வீட்டில் சண்டை அன்றைக்கே ஆரம்பித்தது. எனக்கு நஷ்டஈடாகக் கொஞ்சம் பணம் வந்திருந்தது. அதை நைனா பேங்கில் என் கல்யாணத்துக்கென்று போட்டுவைத்திருந்தார். அதில் கை வைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

"ஊசி போட்டா காசு குடுக்கலாம். மாத்திரைக்குக் குடுக்கலாம். பேசறதுக்குக் காசா? அந்தக் காசை எங்கிட்ட குடு, நான் பேசறேன் அவகிட்ட."

"நீ பேசு" என்றாள் அம்மா. "இத்தினி நாளா வூட்லதான கீற, ஒரு வார்த்த பேசினியா? பூசாரிக்குக் கோயி அறுத்தப்ப கேட்டியா இந்தக் கேள்விய?"

"அது சாமி காரியம்."

"இது எம்பொண்ணு காரியம்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலை பேங்க் புத்தகம் அடுப்பங்கரைத் திட்டில் இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு சந்து வீட்டின் மாடி. மேடத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, நரைத்த முன்முடி. பிரம்பு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போட்டிருந்தார். எங்கே உட்கார வேண்டும் என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். இடது பக்கம் சுவர் வருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். "அந்தப் பக்கம் யாரும் வர முடியாது இல்ல?" என்று கேட்டார். பூசாரி சொன்ன குறியைவிட அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது.

முதல் சில தடவைகள் விபத்தைப் பற்றிப் பேசவேயில்லை. காலைத் தரையில் அழுத்தி வைக்கச் சொன்னார். அறையில் கண்ணுக்குத் தெரிகிறதை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பயமே இல்லாத ஒரு இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். நான் எங்கள் ஊர் ஏரிக்கரையில் அறுப்பு முடிந்த பிறகு ஆடுகள் மேய்வதை நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது செலவைக் கணக்குப் போட்டேன். இவ்வளவு பணம் கொடுத்து ஆட்டை நினைத்துவிட்டு வருகிறேனே.

நைனாவும் அதையே கேட்டார். ஒரு நாள் அவரே கூட வந்தார். செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எத்தினி வாட்டி வரணும்? முடிவா சொல்லுங்க" என்றார்.

மேடம் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"இத்தனைன்னு என்னால சத்தியமா சொல்ல முடியாதுங்க. உங்க பொண்ணு இன்னும் அந்த பஸ்ஸுக்குள்ளதான் இருக்கா. நடந்தது பழைய ஞாபகமா மாறாம, இப்பவே நடக்கற மாதிரி உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. அதை நேரா போய்த் தொட்டா அவ தாங்கணும். அதுக்குத்தான் முதல்ல காலை ஊன்றக் கத்துக்கொடுக்கறேன். தொட ஆரம்பிச்ச பிறகு நடுவுல நிறுத்தக் கூடாது. பணம் இடிச்சா எங்கிட்டச் சொல்லுங்க, முடிஞ்சதைக் கொடுங்க. என்னால ஆகலைன்னா நானே சொல்லிடுவேன், இழுத்தடிக்க மாட்டேன்."

கீழே இறங்கி வந்து டீக்கடையில் நின்றபோது நைனா சொன்னார்: "ஆவலன்னா ஆவலன்னு சொல்லிடறேன்றா. பூசாரி அப்டி சொல்லல." அதோடு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் மேடத்திடம் போவது அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அம்மாதான் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"உனுக்குக் கஷ்டம்தான். எனுக்குத் தெரியுது. எலும்பா போய்ட்ட. ஆனா எம்பொண்ணைத் தொரத்திடாதம்மா. அவளுக்கு வேற எடமில்ல. கல்லறைல போயி உக்காந்தா ஒண்ணுமே தெரியல. கல்லுதான் கீது. உங்கிட்ட வந்தாதான் அவ கீறா."

தோள் அழுந்தியது, அவளும் அதையே கேட்பதைப்போல.

இதை மேடத்திடம் சொன்னபோது "உன் தோளை ரெண்டு பேர் பிடிச்சிட்டிருக்காங்க" என்றார். பிறகு, நான் எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். நான் சரி என்றேன்.

அந்தக் காலையின் எந்தக் காட்சி மிக மோசமானது, அதை நினைத்தால் உடம்பில் எங்கே தெரிகிறது, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். பத்துக்குப் பத்து என்றேன். அவர் என் முகத்துக்கு எதிரில் இரண்டு விரலை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் விரலைத் தொடர வேண்டும்; இப்படிச் செய்தால் மாட்டிக்கொண்ட ஞாபகம் நகரும் என்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்பார். நான் சொல்வேன். "சரி, அதோடயே போ" என்பார். அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, சமாதானம் கிடையாது.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த அறையில் டீசல் நாற்றம் வந்தது. பனி உள்ளே வந்தது. எனக்குக் கால் மடங்கி வலித்தது, பஸ்ஸின் ஒரு விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. வெளியே வரும்போதெல்லாம் ப்ளவுஸ் நனைந்திருக்கும். வீட்டுக்குப் போய் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவேன். சில வாரம் பாரம் அதிகமானது. ஒரு நாள் பகலிலேயே காதுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. ஓடிவந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பாதியில் நிறுத்தக் கூடாது என்று நைனாதான் என்னை பஸ் ஏற்றி, கூடவே வந்தார்.

நான் அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தது இது: விபத்துக்குப் பிறகும் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமல் இருந்துவிட்டேன். நான் எழுப்பியிருந்தால், கத்தியிருந்தால், யாராவது வந்திருப்பார்கள். எனக்குத் தெரியாமலே அவள் என் தோளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனாள். இந்த நினைப்புதான் எங்கள் இரண்டு பேரையும் ஒட்டி வைத்திருந்தது.

மேடத்தின் விரல் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்தக் காட்சியில் ஒரு கை வந்தது. பின்சீட்டிலிருந்து நீண்ட கை. கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். அது என் தோளைத் தாண்டி வந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. பின்னால் உட்கார்ந்து வந்த அக்காவின் குரல் கேட்டது. "போய்ட்டாம்மா. அப்பவே போய்ட்டா." நான் தலையாட்டினேன். "தெரியும்க்கா" என்றேன். "அவளை வுட்டுட்டு நீ பின்னாடி சாஞ்சிக்கோ" என்றார் அந்த அக்கா. நான் மாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் கீழே முழுக்கக் கண்ணாடி கொட்டிக் கிடந்தது. நான் நகர்ந்தால் அவள் அதன்மேல் விழுவாள்.

"இப்ப என்ன வருது?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கு மேடம். தெரிஞ்சிதான் புடிச்சிக்கினு இருந்தேன். கண்ணாடி குத்திடப்போவுதுன்னு."

"அதோடயே போ."

விரல் போய் வந்தது. ஆட்கள் வந்தார்கள். கம்பியை வெட்டினார்கள். யாரோ ஒருவர் அவளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் கொடுத்தேன். அந்த இடத்தில் நான் சத்தம்போட்டு அழுதேன். விபத்து நடந்ததிலிருந்து அவளுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து நிமிர்ந்தபோது தோள் சும்மா இருந்தது.

பின்சீட்டு அக்காவைப் பிறகு தேடிப் போய்ப் பார்த்தேன். அவரும் அதையே சொன்னார். அந்தக் கை என் கற்பனை இல்லை.

பாரம் போனது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் விடியலில் ஹாரன் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். கழுத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வீடு அவ்வளவு காலியாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. "ஏய்" என்று கூப்பிட்டும் பார்த்தேன். அடுத்த அறையில் நைனா இருமியது மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து இடது பக்கம் உட்கார்ந்து கையை வைத்தார். வைத்த உடனே எடுத்துவிட்டார்.

"போய்ட்டாளா?"

"போய்ட்டா அத்த."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னேன். பின்சீட்டு அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்ததை, கண்ணாடியை, நான் பிடித்துக்கொண்டு இருந்ததை, ஒருவர் கையில் கொடுத்ததை.

"ஒடனேவா?"

"ஒடனே."

"வலிச்சிருக்குமா?"

"தூங்கிக்கினு இருந்தா அத்த. தூக்கத்துலயே."

"என்னைக் கூப்புடலியா?"

அதுதான் அவர் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கேட்க வந்து, கேட்காமல் போன கேள்வி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இல்ல அத்த. யாரையும் கூப்புடல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காக நான் போட்டுக்கொள்ளும் அந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். வாங்கி, கையை உள்ளே மடித்து, நேர்த்தியாக மடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். தூக்கை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பல வாரம் பார்த்துவிட்டு நானே பெருநகர் போனேன். விபத்துக்குப் பிறகு தனியாக பஸ் ஏறியது அன்றைக்குத்தான். அத்தை நல்ல வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். வேலைக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"உங்கிட்ட இருந்தா வந்து பாத்துட்டுப் போவலாம்னு இருந்தேன்" என்றார். "இப்ப எங்க போவேன்?"

"மேடம்கிட்ட வா அத்த."

"எம்பொண்ணை மறக்கடிக்கவா?"

"இல்ல. உனுக்கு வேற மாரியாம். எனுக்குப் பண்ண மாரி விரலை ஆட்டறதெல்லாம் இல்ல. துக்கத்துக்குன்னே தனியா கீதாம். மறக்கடிக்கறது இல்ல, அவளை எங்க வெச்சிக்கறதுன்னு பாக்கறதுன்னு மேடம் சொன்னாங்க."

"அதுக்கும் காசா?"

"அதுக்கும் காசுதான்."

அவர் சிரித்தார். பல்லில் பாதி இல்லாத அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன்.

அவர் பெயரில் பேங்கில் மகளின் நஷ்டஈடு இருந்தது. அதிலிருந்து எடுத்தால் கஷ்டமில்லாமல் போய்வரலாம் என்று அம்மா எடுத்துச் சொன்னாள். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "அது எம்பொண்ணு வெலை. அதைக் குடுத்து அவளைப் பத்திப் பேசுவேனா?" என்றார். மறுபடி களையெடுக்கப் போக ஆரம்பித்தார். அந்தக் கூலியில் மாதம் ஒரு தடவை வர முடியும் என்று மேடத்திடம் சொன்னார். மேடம் ஃபீஸைக் குறைத்துக்கொள்கிறேன் என்றதும் பாதி ஃபீஸுக்கு ஒப்புக்கொண்டார், இலவசமாக மட்டும் வரமாட்டேன் என்றார்.

இப்போது நான் உத்திரமேரூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பனிக்காலத்தில் விடியற்காலை பஸ் மட்டும் இன்னமும் ஏறுவதில்லை. ஹாரன் சத்தத்துக்கு இன்னமும் கண் திறந்துகொள்கிறது. நைனா கல்யாணப் பேச்சை எடுக்கும்போது, பேங்கில் இருந்த பணம் பேசியே தீர்ந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் தயங்காமல் சொல்கிறார். சிலர் அதைக் கேட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அத்தையோடு காஞ்சிபுரம் போகிறேன். அவர் உள்ளே போவார், நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. போன மாதம் அவராகவே சொன்னார்.

"இன்னிக்கி ஒண்ணுமே பேசல. நானும் பேசல, அந்தம்மாவும் பேசல. அவ போட்டோவ மடில வெச்சிக்கினு உக்காந்துகினு இருந்தேன். அந்தம்மாவும் பாத்துக்கினு இருந்துச்சி."

"அதுக்குமா காசு வாங்கினாங்க?"

"நான்தான் குடுத்தேன்" என்றார். "வூட்ல அப்டி உக்காந்தா யாரு பாக்கறா?"

பஸ் ஸ்டாண்டில் வந்தவாசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறினோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், உட்கார இடமில்லை. பெருநகர் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தோம். இறங்கும்போது அத்தை, மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் நாட்டுக்கோழி முட்டை மலிவாகக் கிடைக்கிறது, அம்மாவுக்கு வேண்டுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.